சின்னக் குசினித் திறப்பு

அன்ரி அந்தக் கட்டிடத்துக்குள் எங்களை எப்போதும் மேலிருந்துதான் கூட்டிக்கொண்டு போவார். முதலில் மணிக்கோபுரம். அதற்குக் கீழே பழைய பத்திரங்கள் அடுக்கிய அறை. அதற்கும் கீழே பெரிய ஹோல். தெரு வாசலுக்குக் கடைசியில்தான் வந்து சேருவார். துப்புரவு வேலையை மேலே தொடங்கிக் கீழே முடிக்க வேண்டும், இல்லாவிட்டால் மேலே தட்டிய தூசி துடைத்த இடத்தில் வந்து விழும். கதை சொல்லும்போதும் அன்ரி அந்த ஒழுங்கை மாற்றியதில்லை.

கட்டிடம் இருந்தது இத்தாலியில், கடலோரமாக மதில் சூழ்ந்த ஒரு பழைய ஊரில். நாங்கள் இருந்தது சிட்னியில், வென்ட்வேர்த்வில்லுக்குக் கொஞ்சம் தள்ளி, ஒரு கத்தோலிக்கக் கோயிலின் மண்டபத்தில். மாதத்தில் ஒரு ஞாயிறு அங்கே தமிழ்ப் பூசை. பூசை முடிந்தால் மண்டபத்தில் தேத்தண்ணீரும் றோல்ஸும். அன்ரி பிளாஸ்டிக் கதிரை ஒன்றை இழுத்துப் போட்டுக்கொண்டு இருப்பார். கேட்க ஒரு புதுமுகம் அகப்பட்டால் போதும்.

"இத்தாலியிலயா இருந்தீங்க ஆன்ட்டி?" என்று நார்த்மீட்டிலிருந்து வரும் ஒரு தமிழ்நாட்டுப் பெண் ஒருநாள் கேட்டார்.

"ஓம் பிள்ளை. பதினாலு வருஷம். நகரசபையில."

"நகரசபையில என்ன வேலை?"

"கூட்டித் துடைக்கிறது. எழுநூறு வருஷத்துக் கட்டிடம். ஒருநாள் விட்டியளெண்டா எழுநூறு வருஷத் தூசியும் ஒண்டா வந்து நிக்கும்."

அந்தப் பெண் சிரித்தார். "வாசல்ல ஏதோ மீன் கல்லு இருக்குன்னு சொன்னாங்களே, அது என்ன?"

"இன்னும் அங்க வரேல்லை, பிள்ளை. இப்ப மணியடியில நிக்கிறம்."

அவசரப்படுத்த முடியாது. மணியடியிலிருந்து பத்திர அறை. அங்கே தோலில் எழுதிய கப்பல் கணக்குகள், அவற்றை ஈரத்துணியால் தொடக்கூடாது. பிறகு பெரிய ஹோல். அதன் கூரையை வள்ளம் கட்டும் தச்சர்கள் கட்டினார்களாம். "வள்ளத்தைக் கவிட்டு வைச்ச மாதிரி. கீழ நிண்டு பாத்தா நாங்கள் கடலுக்கடியில நிக்கிற மாதிரி." அந்த ஹோலில்தான் ஊர்ச் சபை கூடும். சனிக்கிழமைகளில் கலியாணப் பதிவு. மாப்பிள்ளை பொம்பிளைக்கு அரிசி எறிவார்கள். அன்ரி அந்த அரிசியைக் கூட்டிக் குப்பையில் போட மாட்டார், பையில் அள்ளிக்கொண்டுபோய்ப் புறாக்களுக்குப் போடுவார்.

ஹோலிலிருந்து படிக்கு இறங்கும் வாசலின் மேற்கல் மிகவும் தாழ்வு. சபைக்கு வருகிறவன் எவனாக இருந்தாலும் தலை குனிந்து வரட்டும் என்று அந்தக் காலத்தில் அப்படி வைத்தார்களாம். கதை அந்த இடத்துக்கு வரும்போது அன்ரி, கதிரையில் இருந்தபடியே, தேத்தண்ணீர் கோப்பையை ஒரு பக்கம் ஒதுக்கிப் பிடித்து, தலையைக் குனிந்து நிமிர்வார். ஒரு தரமும் மறந்ததில்லை.

எல்லாவற்றுக்கும் கடைசியில் மீன் கல். தெரு வாசலின் பக்கச் சுவரில் பதித்த வெள்ளைக் கல்லில் கோடுகள் வெட்டியிருக்கும். இந்த மீன் இந்தக் கோட்டைவிடச் சின்னதாக இருந்தால் விற்கக் கூடாது. "அந்தக் காலத்திலயே சட்டம். எங்கட மன்னாரில வள்ளம் வைச்சிருக்கிற சம்மாட்டிமார் கேப்பினமே?"

மண்டபத்தில் இதை யாரும் முழுதாக நம்பவில்லை. மண்டபக் குழுவுக்குப் பற்றிக் அண்ணைதான் தலைவர்; அன்ரி போன பிறகு அவர் சொல்லுவார்: "எழுநூறு வருஷத்து அரண்மனையைக் கூட்ட மன்னாரில இருந்து ஆள் எடுத்தவங்களாம். திறப்புக் கோர்வை முழுக்க இவவின்ர கையிலயாம். மேயர் இவவைக் கேட்டுத்தான் உள்ள போறவராம்." ஏதோ ஒரு பணக்கார வீட்டில் பாத்திரம் கழுவியிருப்பார், அதைத்தான் பெரிதாக்கிச் சொல்கிறார் என்பது அவர் முடிவு. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஓஎல் சோதனை வரை படித்தவன். லிட்கம் பக்கம் ஒரு களஞ்சியத்தில் பெட்டி கட்டுகிற வேலை. நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறந்தால் எனக்குக் காது சுடும். விருந்துகளில் சுவரோடு நின்று, தட்டைப் பிடித்தபடி, எப்போது வீட்டுக்குப் போகலாம் என்று பார்த்துக்கொண்டிருப்பேன். பற்றிக் அண்ணையின் மகளின் பிறந்தநாளன்று அவர்கள் வீட்டுப் பின்வளவில் என்னை பார்பிகியூ அடுப்படியில் நிறுத்தியிருந்தார்கள். ஒருவர் தட்டை நீட்டி, "இறால் இன்னும் இல்லையோ?" என்றார்.

எனக்கு என்ன பிடித்ததோ தெரியாது. அன்ரியின் குரலில், "இன்னும் அங்க வரேல்லை, பிள்ளை. இப்ப சோசேஜஸில நிக்கிறம்" என்றேன்.

வளவு முழுக்கச் சிரித்தது. பற்றிக் அண்ணை கண்ணீர் வரச் சிரித்து என் முதுகில் தட்டினார். சிட்னிக்கு வந்து பதினொரு வருடம், என் வார்த்தைக்கு ஆட்கள் சிரித்தது அதுதான் முதல் தடவை. அதற்குப் பிறகு எந்த விருந்திலும், "டேய், அன்ரியைச் செய்து காட்டு" என்பார்கள். நான் செய்வேன். கோப்பையை ஒதுக்கிப் பிடிப்பேன். தாழ்ந்த வாசலுக்குத் தலையைக் குனிந்து நிமிர்வேன். நன்றாகவே செய்வேன். அவர் வருகிற சத்தம் கேட்டால் நிறுத்திவிடுவேன்.

அன்ரிக்கு அவுஸ்திரேலியக் குடியுரிமை கிடைத்த அன்று அவரையும் மகளையும் நான்தான் காரில் கூட்டிக்கொண்டு போனேன். உள்ளூராட்சிக் கட்டிடத்தில் வைபவம். எல்லாரும் மேயரோடு நின்று படம் எடுத்தார்கள். அன்ரி சான்றிதழைக் கக்கத்தில் செருகிக்கொண்டு, மாடிப்படிக் கைபிடியில் ஒரு விரலை ஓடவிட்டு, விரலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"எப்பிடி அன்ரி?" என்று கேட்டேன்.

"மேயர் நல்ல மனிசன். கதவுக்குப் பின்னால தூசி."

இதையும் அடுத்த விருந்தில் செய்து காட்டினேன்.

எங்கள் மண்டபத்தை அன்ரியாகவே கூட்டத் தொடங்கினார். யாரும் கேட்கவில்லை. நார்த்மீட்டில் மகள் வீட்டிலிருந்து பஸ் பிடித்து வந்து, கடைசி ஆள் போகும்வரை நின்று, கூட்டிப் பூட்டிவிட்டுப் போவார். மண்டபத் திறப்புகள் என் பொறுப்பில் இருந்தன. ஒரு வளையத்தில் ஒன்பது திறப்புகள். எது எந்தக் கதவுக்கு என்று எனக்கே தெரியாது, ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பேன். அன்ரி அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். அடுத்த பூசைக்கு வரும்போது காயத்துக்கு ஒட்டும் வெள்ளைப் பிளாஸ்டர் சுருளும் கறுப்புப் பேனையும் கொண்டுவந்தார். திறப்புகளுக்கும் சுவிச்சுகளுக்கும் அலுமாரிகளுக்கும் பெயர் எழுதி ஒட்டினார். குசினி. கக்கூசு. பின் கதவு. நடு லைற். மேடைப் பங்கா. எல்லாம் தமிழில், சின்னப் பிள்ளைகளின் முதல் கொப்பியில் இருப்பதுபோல உருண்டையான எழுத்து.

"அங்கயும் இப்பிடித்தான் செய்தனான்" என்றார். "அவங்கட எழுத்து எனக்கு வாசிக்கத் தெரியாது. ஐஸ்கிறீம் டப்பா மூடியை வெட்டி, ஓட்டை போட்டு, தமிழில எழுதிக் கட்டினனான்."

"அப்ப மற்ற ஆக்கள் எப்பிடித் திறப்பு எடுக்கிறது?"

"அவை பழகீட்டினம்."

நான் தலையாட்டினேன். இத்தாலி நகரசபையில் தமிழ் எழுத்தாம். இது விருந்துக்கு நல்ல சரக்கு என்று மனதில் குறித்துக்கொண்டேன்.

இரண்டு மாதம் போனது. பற்றிக் அண்ணை என்னைத் தனியே கூப்பிட்டார். "மண்டபம் எங்களுக்கு மட்டுமே? மற்றச் சனமும் பாவிக்கிறது. சுவர் முழுக்கப் பிளாஸ்டர், ஆஸ்பத்திரி மாதிரிக் கிடக்கு. அன்ரிக்குச் சொன்னாக் கதை வளரும். நீ பேசாமக் கழட்டிவிடு."

மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். ஆங்கிலத்தையும் பக்கத்தில் எழுதுவோம் என்றாவது சொல்லியிருக்கலாம். ஒரு புதன்கிழமை வேலை முடிந்து போய், சுடுதண்ணீரும் கத்தியும் வைத்துச் சுரண்டினேன். பசை விடவில்லை. ஒன்றரை மணித்தியாலம் எடுத்தது.

அடுத்த பூசையன்று அன்ரி மண்டபத்துக்குள் வந்து சுவிச்சுப் பலகையைப் பார்த்தார். பிறகு என் கையிலிருந்த வளையத்தைப் பார்த்தார்.

"ஆர் கழட்டினது?"

"தெரியாது அன்ரி" என்றேன்.

அவர் ஒவ்வொரு சுவிச்சாக அழுத்தி எந்த லைற் எரிகிறது என்று பார்த்தார். திரும்பப் பிளாஸ்டர் கொண்டுவரவில்லை. கூட்டுவதை மட்டும் நிறுத்தவில்லை.

அந்த வருடம் நான் இத்தாலிக்குப் போக வேண்டி வந்தது. பதுவை அந்தோனியார் கோயிலில் என் அக்காவுக்கு ஒரு நேர்த்திக்கடன் இருந்தது. அவர் லண்டனிலிருந்து வர, நான் இங்கிருந்து போவதாக ஏற்பாடு. செய்தி கேட்ட அன்ரி ஒரு தாளில் ரயில் மாறும் இடங்களை எழுதி, தேத்தண்ணீர் மேசையில் எல்லாருக்கும் முன்னால் என் கையில் தந்தார்.

"நீ போய்ப் பாத்திட்டு வந்து இவையளுக்குச் சொல்லு, தம்பி. நான் சொன்னா நம்பினம் இல்லை."

நான் தாளை மடித்தேன்.

"உனக்குத்தான் ஒழுங்கு தெரியும்" என்றார். "நீதான் என்னைப் போலவே சொல்லுவாய்."

அதை அவர் எந்த எண்ணத்தில் சொன்னார் என்று எனக்கு இன்றும் தெரியாது. முகத்தில் ஒன்றும் இல்லை. என் காது சுட்டது.

நேர்த்தி முடிந்த மறுநாள் அக்கா கால்வலியென்று அறையில் படுத்துவிட்டார். நான் தாளைப் பார்த்து ரயில் ஏறினேன். கட்டிடம் இருக்காது, இருந்தாலும் சின்னதாக இருக்கும் என்ற நினைப்போடுதான் போனேன். ஊர் மதிலைத் தாண்டி, கல் பாவிய தெருவில் கடல் பக்கம் நடந்தால், சதுக்கத்தில் அது நின்றது. கீழே வளைவுகள், மேலே இரட்டைச் சாளரங்கள், அதற்கும் மேலே மணி. வாசலின் பக்கச் சுவரில் வெள்ளைக் கல். நான் அதன் கோடுகளில் விரலை வைத்துப் பார்த்தேன். ஒரு கோடு என் சாண் அளவு.

உள்ளே போகப் பயமாக இருந்தது. அரசாங்கக் கட்டிடத்துக்குள் அலுவல் இல்லாமல் போய்ப் பழக்கமில்லை. ஆட்கள் பத்திரங்களோடு போய் வந்துகொண்டிருந்தார்கள். நானும் அவர்களுக்குப் பின்னால் போனேன். வாசல் மேசையில் இருந்த வயதான காவலாளி என்னைப் பார்த்து எழுந்து, "ஸ்ரீலங்கா?" என்றார். தலையாட்டினேன். அவர் அன்ரியின் பெயரைச் சொன்னார். இத்தாலி வாயில் அந்தப் பெயர் நீண்டு, கடைசியில் ஒரு பாட்டுப்போல முடிந்தது. நான் மறுபடியும் தலையாட்டினேன். அவர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

மேசைக்குப் பின்னால் சுவரில் ஒரு பலகை. முப்பதுக்கு மேல் திறப்புகள் ஆணிகளில் தொங்கின. ஒவ்வொன்றிலும் மஞ்சளாகிப்போன ஒரு பிளாஸ்டிக் துண்டு. மணி. பத்திர அறை. பெரிய ஹோல். மறியல் வீடு, அந்தக் காலத்துச் சிறையாக இருக்க வேண்டும். மேயர். உருண்டையான எழுத்து.

இப்போது அங்கே கூட்டும் பெண்மணியையும் காவலாளி கூப்பிட்டார். அவர் ஒரு துண்டைத் தொட்டு என்னைப் பார்த்தார். வாசிக்கச் சொல்கிறார் என்று விளங்கியது. "மணி" என்றேன். இருவரும் "மணி" என்றார்கள். "பெரிய ஹோல்" என்றேன். அதையும் சொன்னார்கள். அன்ரி போய் ஆறு வருடம். எழுத்துகளின் வடிவத்தைப் பார்த்தே அவர்கள் திறப்பு எடுத்துப் பழகியிருந்தார்கள். ஒருவரும் கழற்றவில்லை.

காவலாளி என்னை மேலே கூட்டிக்கொண்டு போனார், மணியடியிலிருந்து கீழே. பெரிய ஹோலில், கவிழ்த்த வள்ளத்துக்கு அடியில், நாங்கள் இருவரும் அண்ணாந்து பார்த்தோம். அங்கிருந்து படிக்கு இறங்கும்போது நான் ஏதோ யோசனையில் நடந்தேன். தலை தானாகக் குனிந்து நிமிர்ந்தது. திரும்பிப் பார்த்தேன். தாழ்ந்த மேற்கல் என் நெற்றிக்கு நேரே இருந்தது. முதல் தடவை வருகிறவர்கள் எல்லாரும் அதில் மோதுவார்கள் போலிருக்கிறது, காவலாளி என் தலையைக் காட்டி ஆச்சரியமாகச் சிரித்தார். எத்தனை விருந்தில், எத்தனை பேரைச் சிரிக்க வைக்க, அந்தத் தலையை நான் குனிந்திருக்கிறேன் என்று அவருக்குச் சொல்ல எனக்கு மொழி இல்லை. இருந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

புறப்படும்போது அவர் மேசை லாச்சியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் துண்டை எடுத்துத் தந்தார். சின்னக் குசினி. அந்த அறைக்குப் புதுப் பூட்டுப் போட்டுவிட்டார்கள், பழைய துண்டை அவர் எறியவில்லை. அன்ரியிடம் கொடுக்கும்படி கையால் காட்டினார். பிறகு காற்றில் எழுதுவதுபோல் காட்டி "நத்தாலே" என்று ஏதோ சொன்னார். கிறிஸ்துமஸை நாங்கள் நத்தார் என்பதால் அந்த ஒரு சொல் பிடிபட்டது. நத்தாருக்குக் கார்ட் போடுவாராக்கும் என்று நினைத்தேன். அதற்கு மேல் யோசிக்கவில்லை.

திரும்பி வந்த முதல் பூசையன்று துண்டு என் சட்டைப் பையில் இருந்தது. விமானம் முழுக்க, எந்த ஒழுங்கில் சொல்லுவது என்று பாடமாக்கிக்கொண்டு வந்திருந்தேன். தேத்தண்ணீர் மேசையில் எல்லாரும் நின்றார்கள். அன்ரி கோப்பையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"போனனியே, தம்பி?"

"என்னடா, அரண்மனையைக் கண்டனியோ?" என்றார் பற்றிக் அண்ணை. மற்றவர்கள் சிரிக்கத் தயாராக நின்றார்கள். அந்த முகங்களை எனக்கு நன்றாகத் தெரியும், நான்தான் அவற்றைப் பழக்கியவன். உண்மையைச் சொன்னால் அடுத்த கேள்வி வரும். இவ்வளவு காலம் நீ என்னத்தைச் செய்து காட்டினாய்? மண்டபத்துப் பிளாஸ்டரை ஆர் சுரண்டினது?

"நேரம் கிடைக்கேல்லை அன்ரி" என்றேன். "அக்காவுக்குக் கால் ஏலாமப் போச்சு."

"அப்ப, இன்னும் அங்க வரேல்லை, பிள்ளை" என்றார் பற்றிக் அண்ணை. அன்ரியின் குரல் இல்லை அது. அன்ரியை நான் செய்து காட்டும் குரல். எல்லாரும் சிரித்தார்கள். அன்ரியும் கொஞ்சம் சிரித்தார். பிறகு தும்புத்தடியை எடுத்துக்கொண்டு மேடைப் பக்கம் கூட்டப் போனார்.

நத்தார் கழிந்து, தை மாதப் பூசை. வெயில் கொதித்ததால் சனம் குறைவு. நான் கோப்பைகளை அடுக்கிக்கொண்டு நின்றேன். அன்ரி பக்கத்தில் வந்து நின்றார். வேறு யாரும் கேட்கும் தூரத்தில் இல்லை.

"இத்தாலியில இருந்து கார்ட் வந்தது, தம்பி. வாசலில இருக்கிற கிழவன் வருஷா வருஷம் போடுறவன். மகள்தான் வாசிச்சுச் சொல்லுறவள்."

நான் அடுத்த கோப்பையை எடுத்தேன்.

"உன்னட்ட எனக்குத் தர ஏதும் கிடக்கே?"

துண்டு வீட்டில், மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் இருந்தது. அடுத்த பூசைக்குக் கொண்டுவாறன் என்று மட்டும் சொல்லியிருந்தால் போதும். அவர் அதற்கு மேல் ஒன்றும் கேட்டிருக்க மாட்டார்.

"இல்லை அன்ரி" என்றேன்.

அவர் என் தோளில் ஏதோ தூசியைத் தட்டினார்.

"சரி" என்றார். "இன்னும் அங்க வரேல்லை."

அதில் கேலி இல்லை. கோபமும் இல்லை. புதுமுகங்களுக்குச் சொல்லும் அதே பொறுமையான குரல். அந்த மாதமே மெல்பேர்ணில் இருக்கும் மகன் வந்து அவரைத் தன்னோடு கூட்டிக்கொண்டு போய்விட்டார். எனக்குச் சொல்லிவிட்டுத்தான் போனார், "போட்டு வாறன்" என்று. அவருடைய நம்பர் என் போனில் இருக்கிறது. பெயரை எழுதவில்லை, அன்ரி என்றுதான் இருக்கிறது. நத்தாருக்குப் போன் எடுக்க வேண்டும் என்று ஒவ்வொரு வருடமும் நினைக்கிறேன்.

மண்டபத் திறப்புகள் இன்னும் என்னிடம்தான். போன மாதம் அந்தத் துண்டைக் கண்ணாடிக் கூட்டிலிருந்து எடுத்து, குசினித் திறப்பில் நூல் போட்டுக் கட்டினேன். விருந்துகளில் நான் இப்போது எதையும் செய்து காட்டுவதில்லை. பற்றிக் அண்ணை குழுவிலிருந்து விலகிவிட்டார். இப்போது பொறுப்பில் இருப்பவர் அந்த நார்த்மீட் பெண். அவர் திறப்பை வாங்கித் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எழுத்து ரொம்ப அழகா இருக்கே. யார் எழுதினது அண்ணா?"

"முந்தி இருந்த ஒரு அன்ரி."

"அந்த இத்தாலி ஆன்ட்டியா?"

"ஓம்."

அவர் சிரித்தார். பிறகு மண்டபத்தைச் சுற்றி ஒருமுறை பார்த்தார். "நம்ம மண்டபத்துல இருக்கிறதே ஒரு கிச்சன்தான். இதுல ஏன் சின்னக் குசினின்னு போட்டிருக்காங்க?"

அவர் என்னைப் பார்த்தபடி காத்துக்கொண்டிருந்தார். மண்டபத்தில் எங்கள் இருவரையும் தவிர யாரும் இல்லை.

"தெரியாது பிள்ளை" என்றேன். தலையைக் குனிந்துகொண்டு கோப்பைகளைக் கழுவத் தொடங்கினேன்.